கிங்ஸ் கேம்பிட்: எச்4 கட்டத்தை மறந்தால்

குன்னூரில் சில நாள் நாலரை மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். அப்புறம் டீக்கடை பெஞ்சில் செஸ் போர்டை விரிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. போன ஞாயிறு எனக்கு வெள்ளை. இ4, இ5, அடுத்து எஃப்4. எஃப் சிப்பாயைப் பலியாக நீட்டும் இந்தத் திறப்புதான் (ஆட்டத் தொடக்கம்) கிங்ஸ் கேம்பிட். எதிரில் டீ ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன். அவர் எஃப்4 சிப்பாயைத் தொடவில்லை. பிஷப்பை சி5-இல் வைத்தார். இ5 சிப்பாய் சும்மா நிற்கிறதே என்று வெட்டினேன்.

"அவசரப்பட்டுட்டியே தம்பி" என்றார். ராணி எச்4-க்கு வந்தது, செக். ராஜாவை இ2-க்கு நகர்த்தினால் ராணி இ4 சிப்பாயை வெட்டி அங்கேயே மேட். ஜி3 போட்டு மறித்தேன். ராணி இ4-ஐ வெட்டி மறுபடி செக். மூலையில் எச்1 யானைக்கும் சேர்த்துக் குறி. ஐந்தாவது மூவில் யானை காலி. கையில் இருந்த வர்க்கியைக்கூட நான் தின்று முடிக்கவில்லை.

எஃப் சிப்பாய் நகர்ந்ததுமே எச்4-இலிருந்து ராஜா நிற்கும் இ1 வரை குறுக்குக் கோடு திறந்துவிடுகிறது. அதனால் கருப்பு வெட்டினாலும் சரி, சி5-இல் பிஷப்பை வைத்தாலும் சரி, முதலில் குதிரை எஃப்3-க்கு வரட்டும். அது எச்4-ஐக் காவல் காக்கும்.

1851-இல் லண்டனில் ஜெர்மன் செஸ் வீரர் ஆண்டர்சன் இதே திறப்பில் அப்படி ஆடவில்லையே என்பார்கள். உண்மைதான். எதிரில் ஆடிய கீசெரிட்ஸ்கியிடம் அந்த எச்4 செக்கை வாங்கிக்கொண்டு, பிறகு இரண்டு யானைகளையும் ராணியையும் கொடுத்து, பிஷப்பால் மேட் செய்தார். ஆனால் மேட் விழும்போது அவருடைய இரண்டு குதிரைகளும் எதிரி ராஜாவின் பக்கத்தில் நின்றன. நாமோ பி1 குதிரையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் காய் கொடுக்கிறோம்.

கருப்பு எஃப்4-ஐ வெட்டி, ஜி5 போட்டு அந்தச் சிப்பாயைத் தாங்கினால், நாம் உடனே எச் சிப்பாயை எச்4-க்குத் தள்ள வேண்டும். கருப்பின் எச்6 சிப்பாயும் ஜி7 பிஷப்பும் வந்துவிட்டால் அந்தச் சுவரை உடைப்பது பெரும்பாடு.

இன்னொன்று, அமெரிக்க செஸ் வீரர் ஃபிஷர் விஷயம். 1960-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் சோவியத் வீரர் ஸ்பாஸ்கி இதே திறப்பில் அவரைத் தோற்கடித்தார். மறு வருடமே ஃபிஷர் ஒரு கட்டுரையில் இதற்கு மருந்து எழுதினார்: கருப்பு எஃப்4-ஐ வெட்டி, வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்ததும், மூன்றாவது மூவில் டி6. பிறகு கருப்பு ஜி4 தள்ளும்போது, பழக்கதோஷத்தில் குதிரையை இ5-க்கு ஏற்றினால் டி6 சிப்பாய் வெட்டிவிடும். பார்க்கக் கோழைத்தனமாகத் தெரிந்தாலும், பலரும் அங்கே ஜி1-க்கே திரும்புகிறார்கள். நான் ரோஷப்பட்டு இரண்டு தடவை ஜி5-க்குத் தாவினேன். இரண்டு தடவையும் அண்ணன் சிரித்துக்கொண்டே எச்6 போட்டார், குதிரைக்குத் தப்ப வழியில்லை.