எந்தக் கணினியிலும் நம் வேலையைத் தொடர: பென்ட்ரைவில் மென்பொருளும் உலாவியில் செயலியும்

வன்னியில் மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு விண்ணப்பத்தைத் தட்டெழுதி அச்செடுக்க வேண்டியவர் பெரும்பாலும் தமக்குச் சொந்தமில்லாத கணினியின் முன்னேதான் அமர்கிறார். போட்டோகொப்பிக் கடை, பாடசாலைக் கணினி அறை, சங்கத்துக்கு யாரோ அன்பளித்த பழைய கணினி என இடம் மாறும்போது மென்பொருளும் மாறிவிடுகிறது. ஓரிடத்தில் நமது எழுத்துரு இருக்காது. இன்னோரிடத்தில் கோப்பைத் திறக்கும் மென்பொருளே இருக்காது. அதை நிறுவ முயன்றால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கணினி கேட்கும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நிறுவாமலே இயங்கும் ‘கையடக்க’ மென்பொருளைப் பென்ட்ரைவில் எடுத்துச் செல்வது ஒன்று. உலாவிக்குள் இயங்கும் இணையச் செயலிகளைப் பயன்படுத்துவது மற்றொன்று. வன்னியில் இணைய இணைப்பு இடத்துக்கிடம் வேறுபடுவதால், பென்ட்ரைவை முதலில் ஆயத்தப்படுத்திவிட்டு இணையத்தைத் துணையாகக் கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

வழக்கமான மென்பொருளை நிறுவும்போது அதன் கோப்புகள் வின்டோஸின் பல கோப்புறைகளிலும், அமைப்புகளைக் குறித்துவைக்கும் அதன் பதிவேட்டிலும் பரவிச் சேர்கின்றன. அதனால்தான் நிர்வாகியின் அனுமதி தேவைப்படுகிறது. கையடக்க மென்பொருள் தனக்கு வேண்டிய அனைத்தையும், நாம் செய்யும் அமைப்புகள் உட்பட, ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே அது இயங்கும். வேலை முடிந்து பென்ட்ரைவைக் கழற்றினால் நமது புத்தகக்குறிகளும் அமைப்புகளும் நம்மோடு வந்துவிடும்.

பென்ட்ரைவ் 32 ஜிபி அளவுடையதாகவும் யூஎஸ்பி 3 வகையாகவும் இருக்கட்டும். லிப்ரே ஒபிஸ் போன்ற தொகுப்பு ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளால் ஆனது. மலிவான பழைய பென்ட்ரைவில் அது திறக்க நெடுநேரம் எடுக்கும். பென்ட்ரைவை எக்ஸ்ஃபாட் முறையில் வடிவமைத்துக்கொள்ளுங்கள் (ஃபோர்மட்). பழைய ஃபாட்32 முறையில் 4 ஜிபிக்குப் பெரிய தனிக் கோப்பைச் சேமிக்க முடியாது. பின்னர், நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில், போர்ட்டபிள் ஆப்ஸ் டொட் கொம் தளத்திலிருந்து கையடக்க மென்பொருட்களைப் பட்டியலிட்டுத் திறக்க உதவும் அதன் பட்டிச் செயலியைத் தரவிறக்கிப் பென்ட்ரைவில் நிறுவினால், அதற்குள்ளிருந்தே மற்ற மென்பொருட்களைத் தேர்ந்து சேர்க்கலாம். ஆவணங்களுக்கும் கணக்குகளுக்கும் லிப்ரே ஒபிஸ், பிடிஎப் படிக்கச் சுமாத்ரா, சுருக்கிய கோப்புகளைத் திறக்க 7-ஸிப், காணொளிக்கு விஎல்சி, இணையத்துக்குப் பயர்பொக்ஸ், கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்: பெரும்பாலானோருக்கு இவை போதும். இவை அனைத்தும் இலவசமானவை. கண்ட தளங்களிலிருந்து ‘கையடக்க’ வேர்ட், ‘கையடக்க’ போட்டோஷொப் என்று எடுக்காதீர்கள்; அவை களவாக மாற்றியமைக்கப்பட்டவை, நச்சுநிரல் அவற்றோடுதான் அதிகம் வருகிறது.

பழைய கணினிகளைப் பற்றி ஒரு குறிப்பு. வின்டோஸ் 7 இயங்கும் கணினியில் குரோம் 109ஆம் பதிப்போடும் பயர்பொக்ஸ் 115ஆம் பதிப்போடும் நின்றுவிட்டன. அத்தகைய கணினியையே அடிக்கடி பயன்படுத்த நேர்ந்தால், பயர்பொக்ஸின் 115ஆம் நீண்டகாலப் பதிப்பைப் பென்ட்ரைவில் வைத்திருப்பது உதவும். இவ்வகைக் கையடக்க மென்பொருட்கள் வின்டோஸுக்கானவை என்பதையும், சில நிறுவனங்கள் பென்ட்ரைவிலிருந்து எந்த மென்பொருளும் இயங்காதபடி தடுத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தடை உள்ள இடத்தில் அதை மீற முயலாமல் இணையச் செயலிக்கு மாறுவதே முறை.

இனித் தமிழுக்கு வருவோம். நம்மவரின் கோப்புகள் அதிகம் குழம்புவது இங்கேதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். பாமினி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் வைத்திருப்பதே காரணம். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறையான யுனிகோட்டில் எழுதிய கோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. வின்டோஸின் பழைய பதிப்புகளில் லதா என்ற யுனிகோட் எழுத்துருவும் வின்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துருவும் உடன் வருவதால் எழுத்து எங்கும் எழுத்தாகவே தெரியும். ஆகவே புதிதாக எழுதும் அனைத்தையும் யுனிகோட்டிலேயே எழுதுங்கள்.

ஆனால் கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கூட்டக்குறிப்புகள் பாமினியில்தான் இருக்கும். அவற்றைக் கைவிட முடியாது. எழுத்துருவைக் கணினியில் நிறுவாமலே அவற்றைத் திறக்க ஒரு வழி உண்டு. பென்ட்ரைவில் லிப்ரே ஒபிஸின் கோப்புறையைத் திறந்து, ‘அப்’, ‘லிப்ரே ஒபிஸ்’, ‘ஷெயார்’, ‘ஃபொண்ட்ஸ்’, ‘ட்ரூடைப்’ என்று வரிசையாக உள்ளே சென்று, பாமினி எழுத்துருக் கோப்பை அங்கே ஒட்டிவிட்டு லிப்ரே ஒபிஸை மீண்டும் திறந்தால், அந்த எழுத்துரு அதற்குள் மட்டும் கிடைக்கும். லிப்ரே ஒபிஸைப் புதுப்பிக்கும்போது அது அழிந்துவிடக்கூடும் என்பதால் எழுத்துருவின் பிரதியொன்றை வேறு கோப்புறையிலும் வைத்திருங்கள். பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றச் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்ற கருவிகள் இணையத்தில் உள்ளன. இத்தகைய மாற்றிகளில் உலாவிக்குள்ளேயே முழு வேலையையும் செய்பவற்றைப் பக்கமாகப் பென்ட்ரைவில் சேமித்தால் இணையமின்றியும் பயன்படுத்தலாம். சேமித்தபின் இணைப்பைத் துண்டித்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அச்செடுக்கக் கொண்டுசெல்லும் கோப்பை எப்போதும் பிடிஎப் ஆக்குங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், பக்கமும் குலையாது. லிப்ரே ஒபிஸில் பிடிஎப் ஏற்றுமதிப் பெட்டியில் ‘ஹைபிரிட் பிடிஎப்’ என்றொரு தெரிவு இருக்கிறது. அதைத் தெரிந்தால் அந்த ஒரே கோப்பு கடையில் சாதாரண பிடிஎப்பாக அச்சாகும். லிப்ரே ஒபிஸில் திறந்தாலோ திருத்தக்கூடிய ஆவணமாகத் திறக்கும். பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதியை நான் அறியேன். மின்தடையை எண்ணி, ‘ஒப்ஷன்ஸ்’ பகுதியில் பத்து நிமிடத்துக்கொருமுறை என்றிருக்கும் மீட்புச் சேமிப்பை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

இணையச் செயலிகளின் பலம் கூட்டாக எழுதுவதில் இருக்கிறது. கூகிள் டொக்ஸில் ஓர் அறிக்கையைத் தொடங்கினால் வவுனியாவில் இருப்பவரும் புதுக்குடியிருப்பில் இருப்பவரும் ஒரே பிரதியில் திருத்தலாம். தட்டெழுதும்போதே சேமிக்கப்படுவதால் மின்சாரம் போனாலும் எழுதியது பெரும்பாலும் தப்பும். இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் கிடைக்கும். தட்டெழுதப் பழகாதவர்கள் கைப்பேசியின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைத் தெரிந்து, வாயால் சொல்லியே ஆவணத்தை உருவாக்கிவிட்டு, பிழை திருத்தவும் அச்செடுக்கவும் மட்டும் கணினிக்குப் போகலாம். தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் கூகிளின் உள்ளீட்டுக் கருவிப் பக்கத்தில் தட்டெழுதி ஒட்டலாம். விண்ணப்பப் படத்தின் அளவை மாற்றப் போட்டோபீ என்ற இணையப் படத்திருத்தச் செயலி போதும்; அது படத்தைத் தன் சேவையகத்துக்கு அனுப்பாமல் உலாவிக்குள்ளேயே திருத்துவதால் அடையாள அட்டைப் பிரதிகளுக்கும் ஏற்றது.

பிறர் கணினியில் கணக்கைத் திறக்கும்போது விருந்தினர் முறையிலோ தனிப்பட்ட சாளரத்திலோ திறந்து, வேலை முடிந்ததும் வெளியேறிச் சாளரத்தை மூடுங்கள். வெளியேற மறந்ததாகச் சந்தேகம் வந்தால், கைப்பேசியில் கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்பதைத் திறந்து அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். கடவுச்சொல்லுக்குமேல் கைப்பேசியிலும் உறுதிசெய்யக் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியிருப்பவர்கள், கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடங்களுக்காகக் கூகிள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பணப்பையில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். தட்டும் விசைகளைக் களவாகப் பதியும் மென்பொருள் இருந்தால் இவற்றுள் எதுவும் கடவுச்சொல்லை மறைக்காது; ஆதலால் வங்கிக் கணக்கைப் பொதுக் கணினியில் திறக்கவே வேண்டாம்.

பென்ட்ரைவின் பெரும்பகை நச்சுநிரல். பல கணினிகளில் செருகி வந்த பென்ட்ரைவைத் திறந்ததும் கோப்புறைகளின் படத்தில் இடது கீழ் மூலையில் சிறு அம்புக்குறி தெரிந்தால், எதையும் சொடுக்காதீர்கள். அவை கோப்புறைகள் அல்ல, நச்சுநிரலை இயக்கும் குறுக்குவழிகள். உண்மையான கோப்புறைகள் பெரும்பாலும் அழியாமல் மறைக்கப்பட்டே இருக்கும். நச்சுநிரல் தடுப்பான் உள்ள கணினியில் முதலில் சோதித்துவிட்டு, மறைந்த கோப்புகளையும் காக்கப்பட்ட முறைமைக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால் அவை தென்படும். இதைத் தவிர்க்கச் சிறந்த வழி இரண்டு பென்ட்ரைவ்கள் வைத்திருப்பது: மென்பொருளும் மூல ஆவணங்களும் உள்ளதை நம்பகமான கணினிகளில் மட்டும் செருகுங்கள், அச்சுக் கடைக்கு, அன்றைக்குத் தேவையான பிடிஎப் மட்டும் உள்ள சிறிய ஒன்றைக் கொடுங்கள்.

கழற்றுமுன் மென்பொருட்கள் அனைத்தையும் மூடி, பட்டிச் செயலியில் உள்ள வெளியேற்றும் பொத்தானை அழுத்தி, பென்ட்ரைவின் விளக்கு அணைந்தபின் இழுங்கள். கையடக்க மென்பொருள் மூடும்போதுதான் தன் அமைப்புகளை எழுதி முடிக்கிறது. வாரம் ஒருமுறை பென்ட்ரைவின் ஆவணக் கோப்புறையை வீட்டுக் கணினிக்கோ கூகிள் டிரைவுக்கோ பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.