முழுச் சுமையோடு எழும்பும்போது எஞ்சின் நின்றால்

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நெல்லுக்கு யூரியா தூவும் ஜூன் மாத வெயிலில், நான் ஓட்டும் ஏர் டிராக்டர் 502 என்ற விவசாய விமானம் ஓடுபாதையை முக்கால்வாசி தின்றுவிட்டுத்தான் எழும்பும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றால் கையில் உயரமும் இருக்காது, வேகமும் இருக்காது. யோசிக்க வேண்டியதையெல்லாம் தரையிலேயே யோசித்துவிடுங்கள்.

ஹாப்பரில், அதாவது விமானத்தின் உரத் தொட்டியில், உரம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே காற்று எந்தத் திசை, மின்கம்பி எந்தப் பக்கம், எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிடுவேன். "நின்றால் இடப்பக்கச் சோயா வயல்" என்று வாய்விட்டே சொல்லிக்கொள்வேன். சுமையை மொத்தமாகக் கொட்டும் டம்ப் கைப்பிடியை ஒருமுறை தொட்டும் பார்ப்பேன்.

தரையில் ஓடும்போதே எஞ்சின் விசையைக் காட்டும் டார்க் முள் இறங்கினால், பவரை இழுத்து நிறுத்துங்கள். பாதை போதாது என்று தோன்றினால் சுமையை அங்கேயே கொட்டிவிடுங்கள்.

சக்கரம் தரையை விட்டபின் நின்றால் மூக்கை இறக்குவதும் சுமையைக் கொட்டுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஹாப்பர் நமக்கு முன்னால் இருக்கிறது. யூரியா வெளியேறியதும் மூக்கு தானாக மேலே தூக்கும். ஸ்டிக்கை (விமானத்தைத் திருப்பும் பிடியை) முன்னால் தள்ளிப் பிடிக்காவிட்டால் அங்கேயே ஸ்டால்தான்; இறக்கை தூக்குவதை விட்டுவிடும். யூரியா விலையை நினைத்துத் தயங்காதீர்கள். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு போனால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் ஸ்டால்) சுமார் 18 சதவீதம் குறையும். அப்புறம் புரொப்பெல்லரை ஃபெதரில் போடுங்கள், அதாவது அதன் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிடுங்கள். சும்மா சுற்றினால் அது பிரேக் பிடித்த மாதிரி இழுக்கும்.

ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடும். நேர் எதிரே, இரு பக்கமும் 30 டிகிரிக்குள் எது கிடைக்கிறதோ அதில் இறங்குங்கள். நெல் வயல் என்றால் வரப்போடு இணையாக இறங்க வேண்டும். நீர் கட்டிய வயலை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும்.

மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப் மின்சாரத்தில் இறங்குவது. அதை இறக்கியபின்தான் பேட்டரியை அணைக்க வேண்டும். எரிபொருள் வால்வையும் மூடிவிடுங்கள்.

கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கினால் அவசரப்பட்டு பெல்ட்டை அவிழ்க்காதீர்கள். ஒரு கையைக் கூரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு அவிழ்த்தால்தான் கழுத்து தப்பும்.