குறைந்த விலையில் கேமரா பேக்: லிட்டரை விடுங்கள், ஆழத்தை அளந்து பாருங்கள்

கோயம்புத்தூரில் கேமரா கடைக்குப் போய் பேக் கேட்டால், முதலில் எடுத்துக் காட்டுவதே ஒரு லென்ஸ் விலைக்கு இருக்கும். "காசுக்கேத்த பொருளுங்க" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் ஒரு கேமரா பாடி, இரண்டு லென்ஸ், சார்ஜரோடு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கோ வால்பாறைக்கோ போய் வருகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை. 2,500 ரூபாய்க்குள் பாருங்கள், போதும்.

1. பொருளைப் பரப்புங்கள். கொண்டுபோவது எல்லாவற்றையும் தரையில் வையுங்கள். என்றாவது வாங்கப்போகிற 150-600 மி.மீ. பெரிய ஜூம் லென்ஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

2. ஆழத்தை அளங்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அட்டையில் 25 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். மேல் அறை, முன் பாக்கெட் எல்லாம் அதில் சேர்த்திதான், கேமராவுக்கு மிஞ்சுவது கொஞ்சம். நீங்கள் பார்க்க வேண்டியது கேமரா அறையின் உள் ஆழம், அதாவது முதுகுப் பக்கத் துணியிலிருந்து எதிர்ப்பக்க மூடி வரை.

கேனான் 1500டி போன்ற சின்ன டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) கூட சுமார் 10 செ.மீ. உயரம். லென்ஸ் மாட்டியபடி பைக்குள் படுக்க வைத்தால், அந்த 10 செ.மீ.தான் ஆழத்தில் உட்காரும். அறை ஒல்லியாக இருந்தால் கேமராவின் தலை மூடியில் முட்டும், ஜிப்பை இழுத்து மூடவேண்டி வரும், சீக்கிரமே ரன்னர் வாயைப் பிளந்துவிடும். உள்ளே 12 செ.மீ.யாவது இல்லாத பையை நான் தொடமாட்டேன். கேமராவுக்கு அடியில் மாட்டும் பேட்டரி கிரிப் போட்டிருந்தால் அதுவும் பத்தாது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பெரும்பாலும் சின்னது, அதை வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

இன்னொன்று, லேப்டாப். காலிப் பையில் கேமரா அழகாக உட்காரும். லேப்டாப்பைச் செருகியதும் நடுத்துணி உப்பி வந்து ஆழத்தைத் தின்றுவிடும். அதனால் கடைக்குக் கேமரா, லேப்டாப் இரண்டையும் எடுத்துப் போங்கள். உள்ளே வைத்து, ஒரே விரலால் ஜிப்பை மூடிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஆன்லைனில் கொடுப்பது பெரும்பாலும் வெளி அளவு, ஃபோம் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

3. புதுப்பை வேண்டுமா என்று யோசியுங்கள். என் ஓட்டு இன்சர்ட்டுக்குத்தான். ஃபோம் வைத்து, வெல்க்ரோ தடுப்புகளோடு தனியாக விற்கும் பெட்டி அது. வீட்டில் இருக்கும் உறுதியான காலேஜ் பேக்கில் இறக்கிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கேமரா பை என்றே தெரியாது, காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் அது பெரிய நிம்மதி. பையின் அடிப்பகுதியை அளந்துவிட்டு இன்சர்ட் வாங்குங்கள். ஜிப் பாதி வரைதான் திறக்கும் பை என்றால் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும்.

4. ஸ்ட்ராப், தையல். தோளில் மாட்டும் ஸ்ட்ராப் பையோடு சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். முதுகுப் பக்கமாகத் திறக்கும் பை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பின்னால் நிற்பவர் திறக்க முடியாது. சேற்றில் வைத்தாலும் முன்பக்கம்தான் அழுக்காகும், முதுகு சுத்தமாக இருக்கும்.

5. மழை. 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம். துணி தாங்கினாலும் தையல் ஓட்டையிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும். ரெயின் கவர் கட்டாயம். வால்பாறை போகும்போது ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வானம் மாறிவிடும். கவர் முதுகுப் பக்கத்தை மூடாது என்பதால், உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: ரெயின் கவர் போட்டும் லென்ஸில் பூஞ்சை வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், நனைந்த கவரை அப்படியே மடித்துப் பையின் அடிப் பாக்கெட்டில் செருகி, கேமராவையும் உள்ளேயே விட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். வீடு வந்ததும் கேமராவை வெளியே எடுங்கள், கவரைக் கொடியில் போடுங்கள். பையின் எல்லா ஜிப்பையும் திறந்து ஃபேனுக்கு அடியில் காயவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் காய்ந்த பைக்குத்தான் உதவும், ஈரப் பையில் போட்டால் அதுவே நமத்துப்போகும்.