இசைக் குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு இடம் விடுவது எப்படி

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீடு, மிருதங்கக்காரர் வீடு, மேளக்காரர் வீடு என்று ஊரார் அடையாளம் சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அப்படியொரு வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே "இவ என்ன, பாட்டா, வயலினா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "குலவித்தை கல்லாமல் பாகம்படும்" (குடும்பத்து வித்தை படிக்காமலே கைவரும்) என்ற பழமொழியைச் சொல்லித் தலையைத் தடவிவிட்டுப் போவோரும் உண்டு. அவர்கள் வாழ்த்தாகச் சொல்லும் அந்த வார்த்தை, பாகம்படாத பிள்ளைக்கு எவ்வளவு பாரமாகும் என்பதை நான் அறிவேன். அப்பப்பா கூத்து அண்ணாவியார், அப்பா மிருதங்கம், அண்ணன்மார் இருவரும் பாட்டு என்றிருந்த வீட்டில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, பதினோரு வயது வரை "பாட்டு வராத பிள்ளை" என்று பெயர் வாங்கியவள் நான். இப்போது சங்கீதம் கற்பிப்பது என் தொழில். இந்தக் குறிப்பைப் பிள்ளைக்காக அல்ல, அவளைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது சுருதி. பிள்ளைக்குப் பாட்டு வரவில்லை என்று தீர்மானிக்குமுன், அவள் எந்தச் சுருதியில் பாடுமாறு கேட்கப்படுகிறாள் என்று பாருங்கள். ஆண்கள் பாடும் வீடுகளில் சுருதிப்பெட்டி அநேகமாக 1 கட்டையிலோ 1½ கட்டையிலோதான் நிற்கும். (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடக்கூடச் சுருதி உயரும்.) எங்கள் வீட்டில் 1½ கட்டை. அண்ணன்மாருடைய சட்ஜத்தில், அதாவது அவர்களுடைய 'ஸ'வில், நான் தொடங்கினால் குரல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் அமுங்கிப்போகும். ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ' முதல் அடுத்த 'ஸ' வரை) மேலேறித் தொடங்கினால் மேற்சட்ஜத்துக்கு வருவதற்குள் கிறீச்சிடும். இரண்டையும் கேட்டுவிட்டு, எனக்குக் காது சரியில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள். காதில் ஒரு குறையும் இருக்கவில்லை. வேறொருவருடைய சட்டையை எனக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்கச் சுருதிப்பெட்டியை நிறுத்திவிடுங்கள். பிள்ளை விளையாடும்போது தன்பாட்டில் முணுமுணுக்கும் பாட்டையோ, ஊஞ்சலில் இருந்து பாடும் பாட்டையோ அவளுக்குத் தெரியாமல் கேளுங்கள். அந்தப் பாட்டு எந்த இடத்தில் வந்து இளைப்பாறுகிறதோ அந்த இடத்தைக் ஹார்மோனியத்திலோ கைப்பேசித் தம்புராச் செயலியிலோ தேடிப் பிடித்து, அதையே சட்ஜமாக வைத்து மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளிவரிசையைத் தொடங்குங்கள். பெண்பிள்ளைகள் பலருக்கு அது 5 முதல் 6½ கட்டைக்குள் வந்து அமையும். இங்கே மிருதங்கக்கார அப்பாமாருக்கு ஒரு சங்கடம் உண்டு. 1½ கட்டைக்கு மூட்டிய தக்குச் (தாழ்ந்த) சுருதி மிருதங்கத்தைத் தட்டித் தட்டி 5½ கட்டைக்கு ஏற்ற முடியாது. அதற்கு உருவில் சிறிய ஹெச்சுச் (உயர்ந்த) சுருதி மிருதங்கம் வேண்டும். உடனே வாங்க வசதியில்லையென்றால், மகள் பாடும்போது மிருதங்கத்தை உறைக்குள் வைத்துவிட்டுக் கையால் தாளம் போடுங்கள். மிருதங்கத்துக்காகப் பிள்ளையின் குரலை இறக்கச் சொல்லாதீர்கள்.

சுருதி சரியானபின் அடுத்த வேலை, வீட்டு இசையில் அவளுக்கென்று ஓர் அலுவல் கொடுப்பது. பயிற்சி கொடுப்பது வேறு, அலுவல் கொடுப்பது வேறு. பயிற்சியை அவள் செய்யாவிட்டாலும் வீடு வழமைபோல் நடக்கும். அலுவலை அவள் செய்யாவிட்டால் கச்சேரி தொடங்காது. இசைக் குடும்பங்களில் எல்லா இடங்களையும் மூத்தவர்கள் முன்னரே பிடித்துவைத்திருப்பதால், கடைசிப் பிள்ளைக்குப் பார்வையாளர் இடம் மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே யாராவது ஒருவர் தம் கையிலுள்ள வேலையொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

எனக்கு அப்பா விட்டுக்கொடுத்தது மிருதங்கம் சுருதி சேர்க்கும் வேலையில் பாதி. மாரி காலத்தில் ஈரக்காற்று பட்டுத் தோல் இளகி வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின், சுருதி இறங்கிவிடும். கோயிலுக்குப் புறப்படுமுன் அப்பா விறாந்தையில் அமர்ந்து கல்லும் மரக்கட்டையுமாக அரைமணி நேரம் மினக்கெடுவார். வலந்தலையின் விளிம்புப் பின்னலை மேலிருந்து கீழாகத் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். ஓரிடம் சேர்ந்திருக்கும்போது எதிர்ப்பக்கம் விலகிவிடும் என்பதால், வலந்தலையைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு கண்ணாக, அதாவது வார் கோத்த ஒவ்வோர் இடமாக, கேட்க வேண்டும். ஒருநாள் அவர் விரலால் சுற்றிவரத் தட்டிக்கொண்டே, "மனே, இதக் கேளு, எந்தக் கண் குறையுது?" என்றார். "அதுக்குப் பக்கத்துக் கண், அப்பா," என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் கேட்டார். அன்றிலிருந்து கேட்பது என் வேலை, தட்டுவது அவர் வேலை. தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, அப்பும் ரவையைத் தண்ணீர் விட்டுப் பதமாகக் குழைப்பதும் பிறகு என்னிடமே வந்தது. காது சரியில்லாதவள் என்ற பெயரை அதன்பின் எவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மிருதங்கம் சேராமல் கிடந்திருக்கும்.

உங்கள் வீட்டில் அந்த அலுவல் வேறாக இருக்கலாம். வயலின் வீடாயின் பாட்டுக்காரரின் கட்டைக்கு ஏற்ப நான்கு தந்திகளையும் சேர்ப்பதைக் கேட்டுச் சொல்லும் வேலை, பஜனை வீடாயின் தாளத்தைக் காலம் மாறாமல் பிடிக்கும் வேலை, நாதஸ்வர வீடாயின் ஊதுவாயில் பொருத்தும் சீவாளிகளைத் தெரிந்து அடுக்கும் வேலை. எதைக் கொடுத்தாலும், அதில் அவள் பிழைவிட்டால் பிழை வெளியே கேட்கக்கூடியதாக இருக்கட்டும். விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பதும் பாயை விரிப்பதும் இந்தக் கணக்கில் சேரா; பெண்பிள்ளைகளுக்கு அவை கேளாமலே வந்து சேர்ந்துவிடும்.

கூத்து வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. கூத்து வடமோடி வகையோ தென்மோடி வகையோ, சட்டம் கொடுத்த (ஆட்டக்காரருக்குப் பாட்டு வரிகளைப் பகிர்ந்த) நாள் முதல் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை) என்று மாதக்கணக்கில் பழகி, அரங்கேற்றத்தன்று விடியவிடிய ஆடுவது நம் வழக்கம். வட்டக்களரி என்னும் அந்த ஆடுகளம் நெடுங்காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இன்று பாடசாலைகளிலும் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பெண்பிள்ளைகள் சதங்கை கட்டி ஆடுகிறார்கள். ஆனாலும் ஊர்க் களரி என்று வரும்போது பெரியப்பாமாரின் முகம் மாறும். அந்த வாக்குவாதத்தைப் பிள்ளையின் முன்னால் நடத்தாதீர்கள். பழகும் காலத்தில் கூத்துப் பாட்டு எழுதிய ஏட்டை அவளைப் பார்க்க விடுங்கள். ஆட்டக்காரர் ஒருவர் வரி மறந்து தடுமாறும் கணத்தில் அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பவருக்குப் பாட்டும் தாளமும் பாத்திரங்களின் வரவும் ஒருமிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அப்பப்பா தம் கண் மங்கிய காலத்தில் என்னைப் பக்கத்தில் இருத்தி ஏடு படிப்பித்தார். இரண்டு மாதத்தில் பாட்டில் பாதி எனக்குப் பாடமாகிவிட்டது. பிற்பாட்டுக்காரரின் பக்கத்தில் என்னை இருத்தலாமா என்று எவரும் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கவில்லை. ஏடு என் மடியில் இருந்தது, ஆகவே நானும் அங்கே இருந்தேன்.

தாளத்தைப் பொறுத்தவரை, சிறுபிள்ளைக்கு அட்சரக் கணக்கைச் சொல்லி விளங்கவைக்க முனையாமல் சொல்லை வாயில் போடுங்கள். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து. தகிடவையும் தகதிமியையும் சேர்த்தால் ஏழு. கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்குப் போகும்போது உடுக்கை எப்படி நடக்கிறது என்று வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கண்ணகி வழக்குரைக் காவியம் பாடுவதைக் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லைத் தெளிவாக உச்சரிக்கும் பழக்கமும் கூடவே வரும்.

யார் கற்பிப்பது என்ற கேள்விக்கு என் பதில் சற்றுக் கடுமையானது: அப்பா கற்பிக்க வேண்டாம். வீட்டில் அலுவல் கொடுப்பவர் அப்பா, பாடம் கொடுப்பவர் வெளியார் என்று பிரித்துவிட்டால் இருவர் மீதும் பிள்ளைக்கு மரியாதை நிலைக்கும். பாடத்தில் வாங்கிய ஏச்சு சோற்றுக் கோப்பைக்கு முன்னும் தொடரும் வீட்டில் எந்த வித்தையும் வேர் பிடிக்காது. ஆசிரியரிடம் முதல் நாளே, "இன்னாருடைய மகள் என்று பார்க்காமல் படிப்பியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நான் படித்த ஓரிடத்தில் ஒவ்வொரு பிழைக்கும் அண்ணனுடைய பெயரைச் சொன்னார்கள். ஆறாவது மாதம் நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். உண்மையிலேயே வலித்தது.

வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளையும் தமிழ்த்தினப் போட்டிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை நல்லவை, வரட்டும். ஆனால் மூத்த பிள்ளை எந்த வயதில் எந்தத் தரம் சித்தியடைந்தது என்ற கணக்கை இளையவளின் பரீட்சை நாளில் எடுக்காதீர்கள். ஒரே போட்டியின் ஒரே பிரிவுக்கு இரண்டு பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.

பாடுவதிலும் வாசிப்பதிலும் மனம் செல்லாமல், "ஏன் இந்த இடத்தில் கைவைத்தால் பஞ்சமம் வருகிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையும் உண்டு. அவளை வாயை மூடிக்கொண்டு சாதகம் செய் என்று அடக்க வேண்டாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர்; வழக்கொழிந்த யாழ்களைப் பழந்தமிழ் நூல்களிலிருந்தும் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்க முயன்று, பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்' இன்னும் நம் கையில் இருக்கிறது. அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட முடியாது. ஆனால் ஒரு கம்பியைப் பலகையில் இழுத்துக் கட்டி, பாதியில் விரல் வைத்தால் மேற்சட்ஜமும், மூன்றிலொரு பங்கு தள்ளி விரல் வைத்து எஞ்சிய மூன்றிலிரண்டு பங்கை மீட்டினால் பஞ்சமமும் கேட்கும் என்று காட்ட முடியும். அடிமட்டம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அவளே அளந்துகொள்வாள்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் "எனக்கு இது வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், வகுப்பை நிறுத்துங்கள். அலுவலை உடனே பறித்துவிடாதீர்கள். அதையும் அவளே விட்டுவிட்டால், அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுக்கச் சில மாதம் பொறுத்திருங்கள். திரும்பி வருபவர்கள் உண்டு. வராதவர்களை வீட்டில் எவரும் இசை தெரியாதவர்கள் என்று சொல்லாதிருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் மறப்பது இதைத்தான். திருவிழா முடிந்து சன்மானத்தைப் பங்கு பிரிக்கும்போது, வேலை செய்த பிள்ளைக்கும் வெற்றிலையில் வைத்து ஒரு பங்கு கொடுங்கள். சிறிய தொகையாக இருக்கலாம், ஆனால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே இடத்தில், அதே முறையில் கொடுக்க வேண்டும். அப்பா எனக்கு முதன்முதல் தந்தது ஒரு நூறு ரூபாய்த் தாள். அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான். மறுநாளே மூன்று மச்சாள்மாரையும் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்பழம் வாங்கித் தீர்த்துவிட்டேன்.