பெரிய சிட்டில முதல் நாள், குடும்பத்தோட சுத்திப் பாக்குறது எப்படி? புதுசா போறவங்களுக்கு

சின்னப் பசங்க, தாத்தா பாட்டின்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டு முதல் தடவையா ஒரு பெரிய ஊருக்குப் போறவங்களுக்காக இத எழுதுறேன். முதல் நாள் அந்த ஊரைப் பழகிக்கிற நாள்னு வெச்சுக்கோங்க, அன்னைக்கே எல்லா இடத்தையும் பாத்து முடிக்கணும்னு கிளம்பினா மறுநாள் பாதிப் பேரால எழுந்திரிக்கவே முடியாது.

ஸ்டெப் 1: கிளம்புறதுக்கு முன்னாடி

பாக்கப் போற இடத்துக்கு என்னைக்கு லீவுன்னு அவங்களோட வெப்சைட்லயே பாத்துருங்க. பாரிஸ்ல லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, அதே ஊர்ல ஓர்சே மியூசியம் திங்கக்கிழமை லீவு, ஆக்ரால தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை டூரிஸ்டுங்களுக்குக் கிடையாது. இப்படி ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் மாறும்.

அப்புறம் கூகுள் மேப்ஸ்ல அந்த ஊர் மேப்ப வைஃபை இருக்கும்போதே டவுன்லோட் பண்ணிருங்க. ஆனா நெட் இல்லாதப்போ அதுல கார்ல போற வழி மட்டும்தான் வரும், நடந்து போற வழியும் பஸ், ட்ரெயின் வழியும் வராது, அதனால ரூம்ல இருந்து போற முதல் ரூட்ட மட்டுமாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுப் பெரியவங்க எல்லாருக்கும் அனுப்பி வைங்க.

ஸ்டெப் 2: இறங்கினதும்

பெரும்பாலான ஹோட்டல்ல மதியம் ரெண்டு மூணு மணிக்குத்தான் ரூம் குடுப்பாங்க. சீக்கிரமே போயிட்டீங்கன்னா பெட்டிய ரிசப்ஷன்ல வெச்சுட்டுக் கிளம்பலாமான்னு கேளுங்க, நிறைய இடத்துல சரின்னுதான் சொல்வாங்க. மாத்திரை, சார்ஜர், பசங்களுக்கு ஒரு செட் டிரஸ் இது மட்டும் தனியா ஒரு சின்ன பேக்ல கையோட இருக்கட்டும். ஹோட்டல் விசிட்டிங் கார்டு ஆளுக்கொண்ணு வாங்கிக்கோங்க. மொழி தெரியாத ஊர்ல டாக்ஸிக்காரர்கிட்ட அதக் காட்டினாலே போதும்.

ஸ்டெப் 3: டிக்கெட்

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. லண்டன், சிங்கப்பூர் மாதிரி ஊர்ல பேங்க் கார்டையே கேட்ல தட்டிட்டு உள்ள போயிடலாம், ஆனா ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான், அப்பா ஒருத்தரோட கார்டையே நாலு பேருக்கும் தட்ட முடியாது. லண்டன் பஸ்ல காசு வாங்கவே மாட்டாங்க. பசங்க டிக்கெட் ரூலும் ஊருக்கு ஊர் மாறும், லண்டன் ட்யூப்ல (அந்த ஊர் மெட்ரோ) 11 வயசுக்குக் கீழ இருந்தா டிக்கெட் வாங்கின பெரியவங்களோட ஃப்ரீ, சிங்கப்பூர்ல உயரத்தையும் பாப்பாங்க, பெரியவங்களோட வர்ற பசங்க 0.9 மீட்டருக்குள்ள இருந்தா ஃப்ரீ. போற ஊர்ல என்ன ரூல்னு முதல் ஸ்டேஷன் கவுன்டர்லயே கேட்டுருங்க, அந்த ரெண்டு நிமிஷத்துக்கு யோசிக்காதீங்க.

ஸ்டெப் 4: என்ன பாக்கலாம்

ஒரே ஒரு பெரிய இடம், அதுக்குப் பக்கத்துலயே பசங்க ஓடியாட ஒரு பார்க்கோ ஆத்தங்கரையோ, அவ்ளோதான். அதுக்கும் முன்னாடி உக்காந்துக்கிட்டே ஊரப் பாக்குற மாதிரி ஏதாவது ஒண்ணு பண்ணுங்க. மாடி பஸ்ல மேல முன் சீட்டு கிடைச்சா விடாதீங்க, ஃபெர்ரி இருந்தா அதுலயும் ஏறலாம், நியூயார்க்ல ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி ஃப்ரீ, டிக்கெட்டே வேணாம், சுதந்திர தேவி சிலையும் வழியிலயே தெரியும். பாட்டிக்குக் கால் வலிக்காது, எது எந்தப் பக்கம் இருக்குன்னு உங்களுக்கும் பிடிபட்டுரும்.

மேப்ல பத்து நிமிஷ நடைன்னு போட்டிருந்தா இருபதுன்னு கணக்கு வைங்க. மெட்ரோ மேப்ல வீல்சேர் படம் போட்ட ஸ்டேஷனாப் பாத்து இறங்குங்க, பழைய மெட்ரோல நிறைய ஸ்டேஷன்ல லிஃப்டே இருக்காது, முட்டி வலி இருக்குறவங்களுக்கு அந்தப் படிக்கட்டு பெரிய கொடுமை. மியூசியமோ மாலோ எங்க இருந்து வெளிய வந்தாலும், வரலன்னு சொன்னாலும் பசங்கள டாய்லெட் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க.

ஸ்டெப் 5: கூட்டத்துல பிரிஞ்சுட்டா

இத மட்டும் தயவுசெஞ்சு விட்டுறாதீங்க. காலைல கிளம்புறப்போ பசங்கள அன்னைக்குப் போட்ட டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, கையில பேனாவால உங்க நம்பர் எழுதி விடுங்க, வெளிநாடுன்னா நாட்டுக் கோடோட. ட்ரெயின் கதவு மூடி பாதிப் பேர் உள்ள, பாதிப் பேர் வெளிய மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு முன்னாடியே பேசி வைங்க: உள்ள போனவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அதே பிளாட்பாரத்துலயே நிக்கணும், வெளிய நிக்கிறவங்க அடுத்த ட்ரெயின்ல ஏறி அங்க வரணும், ஆனா குழந்தை மட்டும் தனியா பிளாட்பாரத்துல நின்னுட்டா அது அங்கயே நிக்கணும், பெரியவங்கதான் திரும்பி வரணும். பசங்கள ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.

ஸ்டெப் 6: சாயங்காலம்

ரொம்ப தூரம் ஃபிளைட்ல வந்திருந்தா, அதுவும் கிழக்குப் பக்கமா வந்திருந்தா, ஜெட் லேக் (ஊர் நேரம் மாறினதால வர்ற தூக்கக் குழப்பம்) கொஞ்சம் பலமாவே இருக்கும். பகல்ல வெளிச்சத்துல இருங்க, தூக்கம் சொக்கினா அரை மணி நேரத்துக்கு மேல வேணாம். இருட்டுறதுக்குள்ள ரூமுக்குத் திரும்பிட்டு, யாருக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டு, அதப் பாத்து மறுநாள் எத்தன மணிக்குக் கிளம்புறதுன்னு முடிவு பண்ணுங்க, எல்லா போனையும் சார்ஜ்ல போட்டுட்டுப் படுங்க.