ஒரே பதிலை மூன்று முறை சொல்லிச் சிரிக்க வைப்பது எப்படி?

நேற்றுக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த துணுக்கை இன்று நாம் சொன்னால், எதிரில் இருப்பவர் "அப்புறம்?" என்கிறார். பெரும்பாலும் கோளாறு அடுக்கிய விதத்தில்தான் இருக்கும். பாம்பன் பக்கத்து மீன் கடை ஒன்றை வைத்து ஒரு துணுக்கைக் கட்டிப் பார்ப்போம்.

கடைக்கு ஒருவர் வருகிறார். நகரை மீனைக் காட்டி, "அக்கா, இது எப்போது பிடித்தது?" என்று கேட்கிறார்.
"காலையில் பிடித்தது, தம்பி."
பாறை மீனைக் காட்டுகிறார். "இது?"
"காலையில் பிடித்தது, தம்பி."
ஓரத்தில் குவித்திருந்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு கை அள்ளுகிறார். உப்பு உதிர்கிறது. "இது?"
"காலையில் பிடித்தது, தம்பி."

படி 1: கேட்பவருக்குத் தெரிந்த இடத்தில் தொடங்குங்கள்

கருவாடு காய நாள் கணக்கில் வெயில் வேண்டும் என்று விளக்க வேண்டிய கூட்டமென்றால், அங்கே இந்தத் துணுக்கு வேண்டாம். அளவுக்கு மீறித் தெரிந்த கூட்டமும் சிக்கல்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டுமே கடலுக்குப் போகும். கதையை மே மாதத்தில் வைத்து, பாம்பனுக்குப் பக்கத்து மீனவர் ஊரான மண்டபத்தில் சொன்னால், முதல் பதிலுக்கே "எந்தப் படகு போனது?" என்று சந்தேகம் கிளம்பிவிடும். மதுரையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 2: முதல் இரண்டு பதிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்

புதிதாக எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூசி, இரண்டாவது பதிலை "விடியும்போது வலையில் ஏறியது" என்று அழகுபடுத்திவிடுவார்கள். துணுக்கு அங்கேயே செத்துப்போகும். "கூறியது கூறல்" நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. துணுக்குக்கோ அதுதான் முதலீடு. ஒரு முறை சொன்னால் தகவல். அச்சுப் பிசகாமல் இரண்டாம் முறை வந்தால், அடுத்ததும் இப்படித்தான் என்று காது தயாராகிவிடுகிறது. இந்தத் தயார்நிலை இல்லாமல் எதை வைத்துத் திகைக்க வைப்பீர்கள்?

இரண்டு போதும். நகரை, பாறை, சீலா, ஊளி என்று கடையையே சுற்றிக் காட்டினால், கேட்பவர் நமக்கு முன்பே கருவாட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார்.

படி 3: மூன்றாவதில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

பதிலை மாற்றுவது வழக்கமான முறை. இங்கே பதில் அசையவில்லை. காட்டிய பொருள்தான் மாறியது. எனக்கு இந்த வகைதான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் திரும்பச் சொல்வதே திகைப்பாகவும் ஆகிவிடுகிறது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஹென்றி பெர்க்சன், 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதியபோது, உயிருள்ள மனிதர் இயந்திரம்போல நடந்துகொள்வதே சிரிப்புக்கு மூலம் என்றார். நம் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்கிறார் அல்லவா, அதுதான்.

மாற்றம் அந்த இடத்துக்குள்ளேயே கிடைப்பதாக இருக்க வேண்டும். மீன் கடையில் கருவாடு இருக்கும். வாங்க வந்தவர் திடீரென்று ஒட்டகத்தைக் காட்டினால், கேட்பவர் விழிப்பார், சிரிக்க மாட்டார்.

படி 4: வெடியைக் கடைசியில் வையுங்கள், வாலை வெட்டுங்கள்

தமிழ் வாக்கியத்தின் முடிவில் "என்று சொன்னார்" வந்து ஒட்டிக்கொள்ளும். "'காலையில் பிடித்தது, தம்பி' என்று அந்த அக்கா கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்" என்று எழுதிப் பாருங்கள். வெடித்த பிறகும் வாக்கியம் நடந்துகொண்டே இருக்கிறது. "சென்று தேய்ந்து இறுதல்" என்று இதற்கும் நன்னூலில் ஒரு குற்றம் உண்டு. அதைத் துணுக்கிலும் குற்றமாகவே வைத்துக்கொள்ளலாம். பேசுபவர் யார் என்பதை முன்பே தெரியப்படுத்திவிட்டால் பேச்சோடு நிறுத்திவிடலாம்.

உப்பு உதிர்வது எதற்கு? மூன்றாவது பதிலுக்கு முன் ஒரு மூச்சு நேரம் வேண்டும். வாயால் சொல்லும்போது சும்மா நிறுத்தினாலே போதும். எழுத்தில் அந்த இடைவெளியை ஒரு சிறிய செயலால் நிரப்ப வேண்டியிருக்கிறது.

படி 5: ஆறவிட்டு மறுபடி எடுங்கள்

கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நாடகத்தில் பபூனைக் கவனியுங்கள். முன்னிரவில் போட்ட ஒரு வரியை, எல்லாரும் மறந்திருக்கும் நேரத்தில் எடுப்பார். முன்பைவிடப் பெரிதாகக் கூட்டம் சிரிக்கும். நாமும் பேரம், எடை, பை என்று கதையை வேறு பக்கம் நடத்திவிட்டு, இப்படித் திரும்பலாம்:

"ஏன் அக்கா கழுத்தைச் சாய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்? சுளுக்கா?"
"அதுவும் காலையில் பிடித்தது, தம்பி."

இதற்கு மேல் ஐந்தாவது முறை வேண்டாம். ஆசை வரும், அடக்குங்கள்.

பயிற்சி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ். உச்சிப்புளியில் கூட்டம் ஏறுகிறது, கண்டக்டர் கத்துகிறார்: "உள்ளே இடம் இருக்கிறது, ஏறுங்கள்!" மண்டபத்தில் இன்னும் கூட்டம், அதே கத்தல், அதே சொற்கள். பாம்பனில் அவர் கீழே இறங்கி ஆட்களை ஏற்றிவிட்டுத் திரும்பினால், படியில் கால் வைக்க இடமில்லை. மூன்றாவது முறை அந்த வரியை யார் சொல்ல வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். கண்டக்டர் வாயில் கொடுத்துவிடாதீர்கள். பஸ்ஸுக்குள் அறுபது பேர் இருக்கிறார்கள்.