டாக்டர் வேலையை விடாமல் தொழிற்சங்க வேலை பார்ப்பது எப்படி?

அடக்குமுறை ஆட்சியில் இது முடியுமா என்று கேட்பவர்கள் நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவின் டாக்டர் நீல் அகெட்டைப் பாருங்கள்.

முதலில் நேரத்தை ஒழுங்கு பண்ணுங்கள். கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோ பகுதியின் பராக்வனாத் மருத்துவமனையில் அவர் இரவு, வார இறுதி ஷிஃப்ட்களை எடுத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் உணவுத் தொழிலாளர் சங்கத்துக்குச் சம்பளமில்லாமல் உழைத்தார். அப்புறம் மொழி. அவர் அங்குள்ள கறுப்பினத் தொழிலாளர்கள் பலர் பேசும் ஜூலு மொழியைக் கற்றுக்கொண்டார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கூட்டம் நடத்தினால் எடுபடாது என்பேன்.

கைதானால்? நடந்ததை எப்படியாவது எழுத்தில் ஏற்றுங்கள், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 1981 நவம்பரில் பிடிபட்ட அகெட், தன்னை அடித்ததையும் மின்சாரம் பாய்ச்சியதையும் ஒரு பெண் போலீஸிடம் வாக்குமூலமாகக் கொடுத்தார். மறுநாள், 1982 பிப்ரவரி 5 அதிகாலை, ஜோகன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலைய அறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். வயது 28. அந்த ஆண்டு நடந்த மரண விசாரணை யார்மீதும் குற்றமில்லை என்று கைகழுவியது, ஆனால் வாக்குமூலம் பதிவில் இருந்தது. குடும்பத்தாரும் தோழர்களும் விடாததால் விசாரணை மறுபடி திறந்து, 2022-ல் போலீஸ்தான் கொன்றது என்று தீர்ப்பு வந்தது.

வெளியில் இருப்பவர்கள் சின்னதாக, ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள். அவர் இறந்த சில நாட்களில் பல்லாயிரம் தொழிலாளர்கள் அரை மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். அத்தனை பேரை எந்த முதலாளி வேலையைவிட்டுத் தூக்குவார்?